தலைச்சன்

ஆவணி 13, வெள்ளி. திருப்பூர்

வேணிக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. கௌமாரியம்மா துணை. ஐந்து வகைச் சோறும் போடியிலிருந்து நானே கட்டிக்கொண்டு போனேன். புளிச்சோறு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. தயிர்ச்சோறு மிஞ்சிவிட்டது, உறை கொஞ்சம் கூடிப்போச்சு. வளையல் கைக்கு இருபத்தொன்று. போடும்போது இரண்டு உடைந்தன, மாற்றிப் போட்டேன்.

சம்பந்தியம்மா வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுத் தலைச்சன்" என்று வேணியின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நல்ல மனுஷி. நான் அந்த நேரம் பந்தியில் இலை போடப் போய்விட்டேன்.

ஆவணி 15, ஞாயிறு. போடி

வேணியைக் கூட்டி வந்துவிட்டோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் இந்த வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் தங்கியதில்லை. இனி மூன்று மாதம் இருப்பாள்.

அவள் அப்பா ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வை. வீட்டுக்குள் நுழையும்போதே சட்டையில் வாசம் வரும். "அப்பா, நீ வர்றதுக்கு முன்னாடி உன் வாசம் வந்துருது" என்று வேணி சிரித்தாள். அவரிடம் அரை மணி நேரம் பேசினாள். என்னிடம் பேசியது: "ம்." "போதும்." "நானே எடுத்துக்கிறேன்." கணக்கு எழுதிப் பழகிய கை, அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆவணி 18, புதன்

தேனியில் டாக்டர் ரெபேக்காவிடம் காட்டினோம். எடை 58. ரத்த அளவு 9.8, பத்தாவது இருக்க வேண்டுமாம். திருப்பூர் ஃபைலைப் புரட்டியவர், "ஏ நெகட்டிவ்" என்று விரலை வைத்தார்.

"தலைச்சன்தானே?"

வேணி வாய் திறக்குமுன் நான் சொன்னேன். "ஆமா டாக்டர். தலைச்சன்தான்."

"இதுக்கு முன்னாடி கலைஞ்சது, கலைச்சது எதுவும் இல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப கவலையில்ல. நெகட்டிவ் ரத்தத்துக்கு முதல் குழந்தை பெரும்பாலும் சிக்கல் பண்ணாது. அடுத்த புதன் வாங்க, இருபத்தெட்டு வாரத்து ஊசி ஒண்ணு போட்டுறலாம்."

பஸ்ஸில் வேணி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் வாங்கினேன். 'முதல் குழந்தை' என்று அவர் ஏன் அழுத்திச் சொன்னார் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆவணி 19, வியாழன்

பரணில் இருந்து வேணியின் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை எடுத்தேன். எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேணி படித்த புத்தகம் அத்தனையும் அவளுக்குப் பின்னால் நானும் படித்திருக்கிறேன். பரீட்சை மட்டும்தான் எழுதவில்லை.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து நூற்றிருபது நாள் உயிர் வாழ்கிறது. அதற்குள் உட்கரு கிடையாது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் காற்றைச் சுமக்க மட்டும் சுமக்கிறது. நூற்றிருபது நாள் ஆனதும் மண்ணீரல் அதைக் கழித்துவிடுகிறது. வெட்டுப்பட்டால் அடைக்க ஓடி வருவது தட்டணு. நோய் வந்தால் சண்டைக்குப் போவது வெள்ளையணு. அதில் சிலது, ஒருமுறை பார்த்த அந்நியனை வருஷக்கணக்கில் நினைவு வைத்திருக்குமாம்.

சிவப்பணுவின் மேல் 'ஏ' அடையாளம் இருந்தால் ஏ வகை, 'பி' இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, ஒன்றும் இல்லாவிட்டால் ஓ. இதெல்லாம் போக ஆர்ஹெச் என்று இன்னொரு அடையாளம். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.

தாய் நெகட்டிவாக இருந்து பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், பிரசவத்தின்போதோ கரு கலையும்போதோ பிள்ளையின் ரத்தம் சொட்டுப்போலத் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அந்நியம் என்று எண்ணி எதிர்ப்பொருள் தயார் செய்துகொள்ளும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் போய்விட்டதே. அடுத்து வருகிற பிள்ளையின் சிவப்பணுவை அது உள்ளே போய் உடைக்கும். தடுக்க ஓர் ஊசி உண்டு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் மூன்று நாள்.

துணி ஊற வைத்திருக்கிறேன். போக வேண்டும்.

ஆவணி 20, வெள்ளி

புத்தகத்தை மறுபடி படித்தேன். தகப்பனும் நெகட்டிவாக இருந்தால் பிள்ளையும் நெகட்டிவ்தான். சண்டையே கிடையாது. மாப்பிள்ளைக்கு என்ன வகை என்று வேணியிடம் கேட்க நா எழவில்லை. விளக்கேற்றிவிட்டு நானே போன் போட்டேன்.

"சும்மாதான் மாப்பிள்ளை, பிரசவத்துக்கு எல்லாம் எழுதி வச்சுக்கிடலாம்னு. ஒங்க ரத்தம் என்ன வகை?"

ஜெகதீசன் சிரித்தார். "என்ன அத்தை, கல்யாணத்தப்ப ஜாதகம் பாத்தீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரத்தம் பாக்குறீங்க. பொருத்தமில்லேன்னா என்ன பண்ணுவீங்க, திருப்பிக் கூட்டிக்குவீங்களா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்ல."

"பி பாசிட்டிவ் அத்தை. கம்பெனியில கேம்ப் போட்டப்ப கார்டே குடுத்தாங்க. பத்திரமா வச்சிருக்கேன், படம் அனுப்பவா?"

வேண்டாம் என்றேன்.

ஆவணி 22, ஞாயிறு

கீரை ஆய்ந்தேன். சுண்டைக்காய் வத்தல் வறுத்தேன். வேணி இரண்டு தோசை சாப்பிட்டாள். பிள்ளை நன்றாக உதைக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

ஆவணி 23, திங்கள்

எழுதித்தான் தீரவேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்.

மார்கழி 21. வேணி காலேஜில் இரண்டாம் வருஷம். ஏழு வருஷம் ஆகப்போகிறது. பழநிக்குப் போகிறோம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனேன். வேறு பேர் கொடுத்தேன். பதினாலு வாரம் என்றார்கள். அவள் அந்தப் பையனையே கட்டிக்கிறேன் என்று பஸ்ஸில் முழுக்க அழுதாள். நான் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டே போனேன், அவள் அழுவது காதில் விழாமல் இருக்க.

முடிந்தபின் நர்ஸ் ஒரு சீட்டுக் கொடுத்தாள். "பொண்ணு நெகட்டிவ் குரூப்பும்மா. இந்த ஊசி கட்டாயம் போடணும்." கீழே மருந்துக்கடையில் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். அவர் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். இரண்டரை பஸ்ஸை விட்டால் அவருக்கு முன்னால் வீடு வந்து சேர முடியாது. என்ன ஊசி, எதற்கு என்று நான் கேட்கவில்லை. சத்து ஊசியாக இருக்கும், ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் எந்த முகத்தோடு போய்ப் போடுவது? சீட்டைப் பஸ்ஸிலேயே கிழித்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கினேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த செவ்வாய் வேணியை வீரபாண்டிக்குக் கூட்டிப்போய், கௌமாரி முன்னால் கற்பூரத்தை அவள் கையால் அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அப்பாவுக்கு ஆகாது. அவளுக்கு அப்பா என்றால் உயிர் என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டேன். அவளும் காப்பாற்றிவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல அவளுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

நாளை மறுநாள் ஊசி. எதிர்ப்பொருள் ஏற்கனவே உண்டாகியிருந்தால் இந்த ஊசியால் பிரயோஜனம் இல்லை. புத்தகத்தில் அந்த வரியின் கீழ் வேணி அன்றைக்கே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள், பரீட்சைக்கு.

ஆவணி 24, செவ்வாய்

காலையிலேயே வீரபாண்டி போய்வந்தேன். சத்தியம் வாங்கியவள் நான், உடைக்கப்போகிறவளும் நான். அவர் தலையை விட்டுவிடு, என் தலையில் வை என்று மட்டும் கேட்டேன். அம்மன் பூ கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் தும்மினார். வெறும் தும்மல்தான், எனக்கு உயிரே போய்விட்டது.

ஆவணி 25, புதன்

வேணியை நர்ஸ் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பியதும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"டாக்டர், போன வாரம் நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். திண்டுக்கல், பதினாலு வாரம், ஊசி போடாதது, எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இப்பவாவது சொன்னீங்க" என்றார். "இன்னைக்கு ஊசி வேண்டாம். முதல்ல எதிர்ப்பொருள் இருக்கான்னு ரத்தம் எடுத்துப் பாப்போம். இது உங்க மகளோட விஷயம். யார்கிட்ட சொல்றது, சொல்லாததுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

வேணி வந்தபோது ஃபைலில் 'இரண்டாவது கர்ப்பம்' என்று திருத்தி எழுதியிருந்தது. அதைப் பார்த்தாள். ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். ஆட்டோவில் ஏறியபின்தான் கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்பாவுக்கு எதாவது ஆச்சுன்னா?"

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். அவர் வருகிற நேரம் ஆறு. ஆறு அடித்ததும் நான் வாசலுக்குப் போனேன். வேணி எனக்கு முன்னாலேயே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறேகால் ஆனது. தெருமுனையில் லாரி ஹாரன் அடித்ததும் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். ஆறரைக்கு அவர் சைக்கிளில் வந்தார், கையில் பருப்பு வடைப் பொட்டலம்.

"என்ன, ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறீக? தண்ணி வரலியா?"

வேணி உள்ளே ஓடிவிட்டாள். வடை மூன்று பேருக்கு ஆறு. அவள் மூன்று சாப்பிட்டாள்.

ஆவணி 27, வெள்ளி

எதிர்ப்பொருள் இருக்கிறது. ஒன்றுக்கு எட்டு. வேணியின் ரத்தத்தை எட்டு மடங்கு நீர்க்க வைத்தாலும் அது தெரிகிறது என்று அர்த்தமாம். பதினாறு வந்தால் உஷாராக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த ஊசியைப் பற்றி வேணியிடம் இன்றுதான் சொன்னேன். திண்டுக்கல்லில் நர்ஸ் என்னிடம் சீட்டுக் கொடுத்தது அவளுக்கு இதுவரை தெரியாது. மயக்கத்தில் இருந்தாள்.

"பஸ்ஸுக்காகவா?" என்று கேட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புரட்டாசி 10, வெள்ளி

ஒன்றுக்குப் பதினாறு. ரத்த அளவு 10.4.

புரட்டாசி 15, புதன்

சரஸ்வதி பூஜை. கணக்கு நோட்டு, அவருடைய தராசுக் கல், விலங்கியல் புத்தகம், மூன்றையும் வைத்துப் பூப்போட்டேன். வேணி புத்தகத்தைப் பார்த்தாள். "இதையா படிச்ச?" என்றாள். "ம்" என்றேன். சுண்டல் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

புரட்டாசி 24, வெள்ளி

ஒன்றுக்கு அறுபத்து நான்கு. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே பிள்ளையின் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை ஸ்கேனில் பார்ப்பார்களாம். ரத்தம் குறையக் குறைய வேகம் கூடுமாம்.

"தலைச்சனுக்கு எதுக்கு இம்புட்டுச் சிக்கல்?" என்று அவர் கேட்டார். "அப்பா, இது தலைச்சன் இல்ல" என்றாள் வேணி. ஒன்று விடாமல் அவளே சொன்னாள். கற்பூரத்தையும் சொன்னாள். ஊசியை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"என் உசிர வச்சுச் சத்தியம் வாங்கியிருக்க. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

புரட்டாசி 27, திங்கள். மதுரை

ஸ்கேன் பார்த்தார்கள். வேகம் எல்லைக்குள்தான் இருக்கிறது. மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வந்திருந்தார். முந்தின நாளே வேணி போனில் எல்லாம் சொல்லிவிட்டாள். வெளுத்த முகத்தோடு நின்றார். "சொல்றதுக்கு ரெண்டு வருஷமா அத்தை?" என்றார். "அவ சொல்லக்கூடாதுன்னு கட்டிப்போட்டது நான். கோவம் என்மேல இருக்கட்டும்" என்றேன். இருக்கிறது. ஆனால் வேணிக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர் என்னிடம் பேசி மூன்று நாள் ஆகிறது. சாப்பிடுகிறார், போகிறார், வருகிறார். நன்றாக இருக்கிறார். தினமும் ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. சம்பிரதாயத்துக்கு ஒரு படி அதிரச மாவு. வேணிக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். "நானே தேய்ச்சுக்கிறேன்" என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முடி நிறையக் கொட்டியிருக்கிறது. ஒரு கிண்ணம் எண்ணெயை முழுதும் தீர்த்தேன்.

ஐப்பசி 12, புதன். மதுரை

ஸ்கேனில் வேகம் கூடிவிட்டது. வருகிற செவ்வாய் எடுத்துவிடுவோம் என்கிறார்கள். முப்பத்தாறு வாரம். பிள்ளைக்கு ரத்தம் மாற்ற வேண்டி வரலாம், ஓ நெகட்டிவ் தயாராக வைக்கிறோம், பதிலுக்கு ரத்த வங்கிக்கு ஆள் தர முடிந்தால் நல்லது என்றார்கள். எந்த வகையானாலும் சரியாம்.

வேணியின் அப்பா கேட்டுக்கொண்டார்.

ஐப்பசி 14, வெள்ளி

அவர் கடையிலிருந்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு மதுரை வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள். ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார், அவரை மற்றவர்கள் இன்னும் பத்து வருஷத்துக்கு விடமாட்டார்கள். "நூறு கிலோ தூக்குற ஆளுய்யா நீ, கொசு கடிச்சா விழுந்துருவ போல" என்று வராந்தா முழுக்கச் சிரிப்பு. வேணியின் அப்பாவும் படுத்து ரத்தம் கொடுத்தார். எழுந்ததும் கொடுத்த பிஸ்கட்டில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"காலையில இருந்து ஒண்ணும் திங்கலல்ல. இந்தா."

இருபது நாளுக்கு அப்புறம் பேசியது.

ஐப்பசி 18, செவ்வாய்

பெண் குழந்தை. 2 கிலோ 300. வெளுத்துப்போய், எலுமிச்சை நிறத்தில் கண். நான் பார்த்தது கதவு சாத்துவதற்குள் அவ்வளவுதான். அழுதது. சத்தம் சின்னதுதான், ஆனால் அழுதது.

ஐப்பசி 19, புதன்

ரத்தம் மாற்றினார்கள். பத்துப் பத்து மில்லியாக எடுத்து, பத்துப் பத்து மில்லியாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம். பிள்ளையின் சொந்தச் சிவப்பணுவை வேணியிடமிருந்து போன எதிர்ப்பொருள் உடைக்கிறது. ஓ நெகட்டிவில் அந்த அடையாளம் இல்லை, அதனால் அதைத் தொடாது. பேர் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம். அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நானும் மாப்பிள்ளையும் நின்றோம். "உள்ள லைட்டு போட்டு வச்சிருக்காங்களே, கண்ணு கூசாதா அத்தை?" என்று கேட்டார். "கண்ணக் கட்டியிருக்காங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஐப்பசி 22, சனி

மஞ்சள் அளவு 22லிருந்து 14. குறைகிறது.

ஐப்பசி 25, செவ்வாய்

9. விளக்கை நிறுத்திவிட்டார்கள். சம்பந்தியம்மா வந்து பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு மூக்கு தன் மகன் மூக்கு என்றார். அது போதும்.

ஐப்பசி 30, ஞாயிறு

நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் வரை வாராவாரம் ரத்த அளவு பார்க்க வேண்டும், குறைந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் பிள்ளை தன் ரத்தத்தைத் தானே செய்துகொள்ளும்.

அவரும் மாப்பிள்ளையும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வேணி பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா. அது எப்ப பொறந்திருக்கும்?"

எது என்று நான் கேட்கவில்லை.

"ஆனி இருபத்தொண்ணு" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். "கணக்குப் போட்டு வச்சிருக்கியா?"

"ம்."

"நான் ஜூலை ஆறுன்னு போட்டேன்."

கையில் இருந்த துணியை நான் கீழே வைத்தேன். "அந்த வருஷம் ரெண்டும் ஒரே நாள்தான் வேணி."

பிள்ளை ஒருமுறை கொட்டாவி விட்டது.

"ஆறு வயசு முடிஞ்சிருக்கும்" என்றாள்.

"ஆமா. ஒண்ணாவது."

"எழுத்துக் கூட்டிப் படிக்கும்."

"ஒன்னைய மாதிரின்னா கூட்டாமலே படிக்கும்."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. நான் போய் அவள் கட்டிலில், காலடியில் உட்கார்ந்தேன். அவள் காலை மடக்கி எனக்கு இடம் விட்டாள்.